நக்லி மஹலுக்கு நாங்கள் வைத்த பெயர்

போன மாதம் நிவேதிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். பிறந்தது வளர்ந்தது எல்லாம் தில்லி. தமிழ் பேசுவாள், நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சார், இனிமே பழைய கட்டடங்களுக்குப் பலகையே கிடையாதாம். சின்னதா ஒரு கட்டம் ஒட்டிடுவாங்க. போனைக் காட்டினா போனே பேசும். வர்ணனையும் கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுது. சுனியே, கேளுங்க, படிக்கிறேன்" என்று ஒன்றைப் படித்துக் காட்டினாள். மெய்சிலிர்க்க வைக்கும் கம்பீரம், காலத்தை வென்று நிற்கும் கலைநயம், கல்லில் வடித்த கவிதை என்று போய்க்கொண்டே இருந்தது. எந்தக் கட்டடம் என்று கேட்டேன். ஒரு குதிரை லாயமாம்.

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி ராஜேஸ்வரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சிரிக்காதீங்க சார். சமன்பாக் அரண்மனையில மட்டும் பிரச்சினை. மேற்குக் கட்டுக்கு முன்னால இருக்கற பலகையைக் கழட்டப் போனா கைடுகள் எல்லாம் சுத்தி நின்னுட்டாங்களாம், விடமாட்டேன்னு. அப்படி என்ன சார் இருக்கு அதுல?"

சொன்னேன். போன் சூடாகும்வரை சொன்னேன். கடைசியில், "எழுதுங்க சார், நான் தமிழ் மெதுவாத்தான் படிப்பேன், அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்றாள். அதனால்தான் இந்தக் கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமன்பாக் என்பது அந்த அரண்மனையின் உண்மையான பெயர் அல்ல. கட்டடங்களுக்குச் சரியான பெயர் எழுதுவதற்கே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்றபின் ஒன்றே ஒன்றை மாற்றி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கோவில்பட்டியிலிருந்து மத்திய அரசுப் பரீட்சை எழுதித் தேறி தில்லிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டு வராந்தாவில் கொஞ்ச நாள். பிறகு முனிர்காவில் ஓர் அறை. அந்த அறையில் நின்றால் குனிய வேண்டும், படுத்தால் மடங்க வேண்டும். அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே சங்கரலிங்கம் என்ற என் பெயரைப் பாதியில் வெட்டி ஷங்கர் ஆக்கிவிட்டார்கள். பழைய கட்டடங்களின் முன் நிற்கும் பலகைகளில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கும் பிரிவில் போட்டார்கள். வேலை பழக இரண்டு பேருக்குப் பின்னால் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அலைந்தேன். மீதி எல்லாவற்றையும் மாத்தூர் சாகிப்தான் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்பதைவிட, எனக்குத் தெரிந்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார் என்று சொல்லலாம்.

மாத்தூர் சாகிப் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். குளிர்காலம் முழுக்க ஒரே பழுப்பு ஸ்வெட்டர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் இந்தியில் சொன்னதை எல்லாம் இங்கே என் ஊர்த் தமிழில்தான் எழுதுகிறேன். அவர் கோவித்துக்கொள்ள மாட்டார்.

நான் எழுதிய முதல் பலகை ஒரு கல்லறை மண்டபத்துக்கு. கல்லூரியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் ஆயிற்றே. 'காலத்தை வென்று கம்பீரமாக நிற்கிறது' என்று தொடங்கியிருந்தேன். சாகிப் பச்சை மையில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"காலத்தை வென்னுருச்சா?"

"ஆமா சாகிப்."

"அப்புறம் எதுக்கு நாம வருஷா வருஷம் சுண்ணாம்பு பூசறோம்?"

அந்த வரி போயிற்று. கம்பீரம், எழில், அழகு, அரிய, ஒப்பற்ற எல்லாம் அதன் பின்னாலேயே போயின. எஞ்சிய பலகையில் நான்கு சுவர், ஒரு குவிமாடம், இரண்டு சமாதி இருந்தன. "இப்பத்தான் கட்டடம் தெரியுது" என்றார்.

அடுத்தது வாசிப்புச் சோதனை. பலகை வாசகம் தயாரானதும் அந்த இடத்துக்கே போய், பலகை நிற்கப்போகும் இடத்தில் நான் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். சாகிப் எதிரில் நின்று சுற்றுலாப் பயணியாக நடிப்பார். "ஷங்கர், நான் மீரட்லேர்ந்து குடும்பத்தோட வந்திருக்கேன். புது ஷூ கடிக்குது. பையனுக்கு ஐஸ்கிரீம் வேணும். வீட்டுக்காரி ஏற்கெனவே கோவமா இருக்கா. இப்பப் படி." நான் படிப்பேன். மூன்றாவது வாக்கியத்தில் கையைத் தூக்குவார். "போயிட்டேன். ஐஸ்கிரீம் வாங்கப் போயிட்டேன்." அந்த வாக்கியத்தை வெட்ட வேண்டும். மே மாத வெயிலில் இந்த நாடகம் நடக்கும்போது உண்மையான பயணிகள் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். ஒருமுறை ஓர் அம்மாள், எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பைத்தியம் என்று காவலாளியிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாடுபடுத்தியது அவருடைய மூன்றாவது விதி. ஒரு பொருளைப் பார்த்தவுடன் அதன் பெயரை எழுதக்கூடாது. பெயர் தெரியாதவன் போல முதலில் அதை வர்ணிக்க வேண்டும். நீளம், அகலம், என்ன கல், எங்கே ஓட்டை, எங்கே கறை. பெயர் கடைசியில். "பேரை முதல்ல எழுதிட்டா அப்புறம் நீ கண்ணால பாக்க மாட்டே, பேராலதான் பாப்பே" என்பார். எனக்கு அது அதிகாரிகளின் கிறுக்கு என்றுதான் பட்டது. சமன்பாக் வரும்வரை.

சமன்பாக், தெற்கு தில்லியில் ஒரு கிராமச் சந்துக்குள் ஒளிந்திருக்கும் அரண்மனை. சின்னதுதான். முகலாயர் காலத்தின் நடுப்பகுதியில் கட்டிய பழைய பகுதி சிவப்புக் கல்லில் இருக்கும். அதன் மேற்குப் பக்கத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்து நவாப் ஒருவர் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டினார். வெள்ளைக்காரன் பாணியில் உயரமான தூண்கள். தொட்டுப் பார்த்தால்தான் அது பளிங்கு அல்ல, வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்பு என்று தெரியும். பெரிய கூடத்தில் வெள்ளைக்கார வீடுகளில் இருப்பது போல, குளிர் காய்வதற்காகச் சுவரில் பதித்த கணப்பு. ஆனால் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் புகைபோக்கி கிடையாது. நான்கு பக்கமும் கல் ஜன்னல் வைத்த சின்னக் குடை மண்டபம் ஒன்று மட்டும் அழகுக்கு நிற்கும்.

புகைபோக்கி இல்லாமல் கணப்பு கட்டிய நவாபைச் சொல்லி அந்தக் காலத்தில் தில்லியே சிரித்ததாம். வெள்ளைக்காரனைப் பார்த்து நகல் எடுக்கத் தெரியாமல் எடுத்தவர் என்று. அவருக்கு 'நக்லி நவாப்' என்று பெயர் விழுந்தது. போலி நவாப். கட்டடத்துக்கு 'நக்லி மஹல்'. கைடுகளின் பிழைப்பே அதில்தான். "ஆயியே, ஆயியே, புகை போக வழியில்லாத கணப்பைப் பாருங்கள்!" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். கூட்டம் சிரிக்கும்.

எங்கள் ஆவணங்களிலும் அதற்கு மரியாதை இல்லை. 'பிற்காலச் சேர்க்கை' என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தார்கள்.

நான் வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்து அரண்மனையைப் பழுதுபார்க்க ஒரு திட்டம் வந்தது. அதை மேற்பார்க்க ஒரு குழு. குழுவின் தலைவர் கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவர். வெள்ளை முடி, கைத்தடி, படித்தவர்களில் நல்ல மனிதர். அவருடைய கருத்து தெளிவாக இருந்தது. மேற்கே ஒட்டிய பகுதி அரண்மனையின் முகத்தைக் கெடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் பழைய தோட்டமும் நீர்வாய்க்காலும் இருந்த இடம் வெளியே வரும். குழு நேரில் வந்து பார்த்து முடிவெடுக்கும். அதற்குமுன் அந்தப் பகுதியைப் பற்றிய வர்ணனையையும் அதற்கு அலுவலக ரீதியாக என்ன பெயர் என்பதையும் எங்கள் பிரிவு எழுதித்தர வேண்டும்.

இந்தச் செய்தி எப்படியோ வெளியே போய், ஒரு காலை நேரத்தில் நஃபீசா பேகம் எங்கள் அறைக்குள் வந்தார்.

வெளிர் நீலச் சல்வார், தோளில் துணிப்பை, மூக்குக் கண்ணாடி. அரசுப் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். உட்காரச் சொன்னதும் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நான் நக்லி நவாபோட கொள்ளுப் பேத்தி" என்றார். "உங்க பலகையில நக்லி மஹல்னு போடப் போறீங்களாமே?"

சாகிப் எழுந்து நின்றுவிட்டார். "இன்னும் எதுவும் முடிவாகலை பேகம் சாஹிபா. சாய்?"

"சாய் அப்புறம். பேட்டா, நீ எழுது" என்று என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். "எங்க அப்பா இந்த ஊர்ல ஒரு குமாஸ்தாவா இருந்தார். அவரை ஆபீஸ்ல நக்லி சாப்னு கூப்பிடுவாங்க. கையெழுத்துப் போட்டா, ஒரிஜினல்தானேன்னு கேப்பாங்க. நான் ஸ்கூல்ல படிக்கும்போது முதல் மார்க் வாங்கினேன். டீச்சர் வகுப்புக்கு முன்னாடி சொன்னாங்க, நக்லியோட பேத்தி நகல் அடிக்காம வாங்கியிருக்கான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சரும்தான். அவங்க கெட்டவங்க இல்லை. ஆனா நான் அன்னிக்கு மதியம் சாப்பிடலை."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"இடிக்கப் போறதா இருந்தா இடிங்க. என்னால தடுக்க முடியாது. ஆனா அரசாங்கப் பலகையில அந்தப் பேரோட நிக்க வைக்காதீங்க. கல்லுல எழுதினா அப்புறம் அதுதான் நிஜம்."

சாகிப் மெல்லக் கேட்டார். "உங்க வீட்ல அதை என்னன்னு சொல்வீங்க?"

பேகம் யோசித்தார். "நாங்களா? எங்க பாட்டி 'உதர்'னுதான் சொல்வாங்க. சாப்பாட்டை உதர் கொண்டு போ, கட்டிலை உதர் போடு. வெயில் காலம் பூரா உதர்தான்."

உதர் என்றால் அந்தப் பக்கம், அவ்வளவுதான். சாகிப் நெற்றியைத் தடவினார். "அரசாங்கப் பலகையில 'அந்தப் பக்கம்'னு போட்டா ஜனங்க கழிப்பறைன்னு நினைச்சுப் போயிடுவாங்க, பேகம் சாஹிபா."

பேகம் சிரித்துவிட்டார். பிறகு சாய் குடித்தார்.

அடுத்த வாரம் முழுக்க நானும் சாகிப்பும் அந்தப் பகுதியில்தான். வீட்டில் ராஜேஸ்வரி, "ஃபேன் ஓடாம புள்ளைங்க வெந்துக்கிட்டுக் கெடக்கு, நீங்க இடிக்கப்போற வீட்டுக்கு அளவு எடுக்கப் போறீகளா?" என்று கேட்டாள். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்போது நாங்கள் மயூர் விஹாருக்குக் குடிவந்துவிட்டோம், மெட்ரோ இன்னும் வரவில்லை. இரண்டு பஸ் மாறி, வேர்வையில் ஒருமுறை குளித்த பிறகுதான் அரண்மனைக்குப் போய்ச் சேருவேன்.

கணப்பை வர்ணிக்கும் முறை வந்தது. நான் எழுதினேன்: 'முன்புறம் சாம்பல் தொட்டி.'

"சாம்பல் பாத்தியா?" என்றார் சாகிப்.

"இல்லை."

"புகைக்கரி?"

உள்ளே கையை விட்டுத் தடவினேன். கை தூசியாக வந்ததே தவிரக் கறுப்பாக வரவில்லை. "இல்லை சாகிப்."

"அப்புறம் எப்படி அது சாம்பல் தொட்டி?"

அடித்துவிட்டு எழுதினேன்: 'முன்புறம் ஆழமில்லாத கல் தொட்டி. தொட்டியின் அடியில் சிறு துளை. மேலே வரிசையாக இரும்புக் கொக்கிகள். கரி இல்லை.' கணப்பு என்ற சொல்லையும் அடிக்கச் சொன்னார். 'சுவரில் ஒரு திறப்பு' என்று ஆயிற்று. எனக்கு எரிச்சலாக வந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும் அது கணப்பு என்று. அந்தப் பக்கத்தை முடித்து, பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டுக் குழுவுக்கு அனுப்பினோம்.

குழு வந்த நாள் வெயிலின் உச்சம். லூ என்று தில்லிக்காரர்கள் சொல்லும் அனல்காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. பேராசிரியர், இன்னும் சில நிபுணர்கள், நாங்கள். நஃபீசா பேகமும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. ஒரு தூணின் ஓரமாகத் துணிப்பையோடு நின்றார்.

பேராசிரியர் எங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணப்பின் முன் நின்றார். "மாத்தூர், ரொம்ப சுத்தமா எழுதியிருக்கீங்க. கரி இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க. அதாவது இதுல ஒருநாளும் நெருப்பு எரிஞ்சதில்லை. எரியவும் முடியாது. இது கணப்போட வேஷம். இப்படி வேஷம் போட்ட ஒரு கட்டடத்துக்காக அசல் தோட்டத்தை மூடி வைக்கணுமா?"

குரலில் கேலி இல்லை. அவர் நம்பியதைச் சொன்னார். பேகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்சுவர் வெறும் செங்கல்" என்று சொல்லிவிட்டு, அதைக் காட்டுவதற்காகப் பேராசிரியர் குனிந்து, கைத்தடியை உள்ளே நீட்டி, மேல்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே ஏதோ படபடத்தது. ஒரு புறா கணப்பிலிருந்து அம்பு மாதிரி வெளியே பாய்ந்து அவர் தலைக்கு மேலே பறந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த தூசி, இறகு, சுள்ளி, காய்ந்த எச்சம் எல்லாம் பொலபொலவென்று கொட்டி, கூடமே மேகமூட்டமாகிவிட்டது. நிபுணர்கள் ஆளுக்கொரு திசையில் தும்மினார்கள். பேராசிரியரின் வெள்ளை முடி சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது.

தூசி கொஞ்சம் அடங்கியது. பிறகு சாகிப், தும்மலுக்கு நடுவில், கேட்டார்.

"புறா எங்கேர்ந்து வந்துச்சு?"

நல்ல கேள்வி. கதவு வழியாக எதுவும் உள்ளே வரவில்லை. நாங்கள் அளவு எடுத்த ஒரு வாரத்தில் கூடத்தில் ஒரு புறாவையும் பார்க்கவில்லை. பேராசிரியர் எல்லாரையும் விலகச் சொன்னார். அந்த வயதில், அந்த அழுக்கில், மண்டியிட்டு உட்கார்ந்து, தலையைக் கணப்புக்குள் விட்டு மேலே பார்த்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நாங்கள் பார்த்ததெல்லாம் அவருடைய செருப்பின் அடிப்பாகம்தான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரு பொட்டு வெளிச்சம் தெரியுது."

மாடிக்கு ஓடினோம். அழகுக்கு நிற்பதாக நாங்கள் நினைத்திருந்த குடை மண்டபத்தின் மேற்கு ஜன்னல்தான் அது. பிற்காலத்தில் யாரோ பழுதுபார்க்கிறேன் என்று துளைத் துளையாகச் செதுக்கிய கல் ஜாலியின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசி அடைத்திருக்கிறார்கள். ஒரு மூலையில் பூச்சு உடைந்து, புறா நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் பின்னால், பருத்த சுவருக்குள், நேராகக் கணப்புவரை இறங்கும், புகைக்கூண்டு போன்ற ஒரு கூண்டு.

அடுத்து நடந்ததுதான் அரசாங்க வேலை. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஒரு துரும்பைக்கூட அனுமதி இல்லாமல் அகற்றக்கூடாது. புறா எச்சம் துரும்பா, கட்டடத்தின் பகுதியா என்று மேலிடத்தில் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'பறவைக் கழிவு வரலாற்றுத் தன்மை உடையதா என்று தெளிவுபடுத்தவும்' என்று எங்கள் குறிப்பைத் திருப்பி அனுப்பினார். சாகிப் பதில் எழுதினார்: 'அடியில் இருப்பது உடையது. மேலே இருப்பது போன வாரத்தது.' அனுமதி வந்தது.

கூண்டைச் சுத்தம் செய்து, பூச்சை உடைத்து ஜாலியைத் திறந்தபோது ஜூன் தொடங்கியிருந்தது. கீழே கூடத்தில் நாங்கள் காத்திருந்தோம். பேராசிரியர், சாகிப், நான், நஃபீசா பேகம். முதலில் கொஞ்சம் மண் கொட்டியது. பிறகு காற்று வந்தது. சுடச்சுட, அடுப்பு வாயிலிருந்து வருவது போல.

"அனலா வருதே" என்றேன் நான், ஏமாந்துபோய்.

பேகம் அந்தக் கொக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டி வீட்ல வெயில் காலத்துல வாசல்ல கஸ் தட்டி தொங்கும்" என்றார் மெதுவாக. கஸ் என்றால் நம் வெட்டிவேர். "அது இப்படிக் கொக்கியிலதான்."

பேராசிரியரும் சாகிப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூலருக்கு வைக்கும் வெட்டிவேர்த் தட்டி அந்த மாதத்தில் தில்லியில் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும். நான் ஆட்டோ பிடித்துப் போய் வாங்கிவந்தேன். கொக்கிகளில் மாட்டினோம். கணக்காக உட்கார்ந்தது. ஒரு வாளித் தண்ணீரைத் தட்டியில் ஊற்றினோம். வழிந்த தண்ணீர் நான் சாம்பல் தொட்டி என்று எழுதிய தொட்டியில் விழுந்து, அடியிலிருந்த துளை வழியாகச் சத்தமில்லாமல் வெளியே போயிற்று.

கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க வெட்டிவேர் வாசம். காற்று குளிர்ந்து வந்தது. வெளியே வானம் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்க, உள்ளே எங்கள் நான்கு பேரின் வேர்வையும் அடங்கியது. பேகம் திறப்பின் நேர் எதிரே போய் நின்றார். அவருடைய துப்பட்டா தூக்கிப் பறந்தது. அதைப் பிடிக்கவில்லை அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

பேராசிரியர் பக்கத்தில் வந்தார். "பேகம் சாஹிபா, எத்தனையோ வருஷமா மாணவர்களை இங்கே கூட்டிட்டு வந்து, நகல் எடுக்கத் தெரியாத நவாப்னு சொல்லியிருக்கேன். உங்க கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரன்கிட்டேர்ந்து முகத்தை மட்டும்தான் எடுத்திருக்கார். குளிர்காய வெச்ச சாமானைக் குளிர வைக்கத் திருப்பிட்டார். என்னை மன்னிக்கணும்."

"நீங்க தும்மினதுலயே அது தீர்ந்துபோச்சு" என்றார் பேகம்.

இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. பழைய தோட்டம் மண்ணுக்கு அடியில் பத்திரமாகவே இருக்கட்டும் என்று பேராசிரியரே எழுதினார். இனிப் பெயர்தான் பாக்கி.

இங்கேதான் எல்லாருக்கும் கவிதை வந்துவிட்டது. மேலிடத்திலிருந்து ஒருவர் 'ஷீத்தல் மஹல்', குளிர் மாளிகை, என்றார். பேராசிரியர், பாவம், உற்சாகத்தில் 'வாயு விஹார்' என்றார். அது எங்கள் மயூர் விஹாரில் புதிதாகக் கட்டும் ஃப்ளாட் மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல, சாகிப் என் முதுகில் தட்டினார். அவர் எல்லாவற்றையும் அடித்தார். "நவாப் வெச்ச பேர் தெரியாது. வீட்ல சொன்னது 'அந்தப் பக்கம்'. அந்தப் பக்கம் எந்தப் பக்கம்? மேற்கு. மேற்குக் கட்டு. முடிஞ்சுது." பலகையின் கீழே, 'பத்தொன்பதாம் நூற்றாண்டு விரிவாக்கம்' என்று சிறிய எழுத்து. பிறகு தூண்கள் சுண்ணாம்பு, திறப்பு காற்றுக்கானது, கொக்கி தட்டிக்கு, தொட்டி தண்ணீருக்கு. ஓர் உரிச்சொல்கூடக் கிடையாது.

வாசிப்புச் சோதனைக்குப் பேகத்தையும் அழைத்தோம். சாகிப் வழக்கம்போல மீரட்காரர் ஆனார். நான் படித்தேன். இந்த முறை அவர் ஐஸ்கிரீம் வாங்கப் போகவில்லை. முடித்ததும் பேகத்தைப் பார்த்தோம்.

"நல்லா இருக்கு" என்றார். "ஒரு வரி குறையுது. கடைசியில, 'மக்கள் இதை நக்லி மஹல் என்றும் அழைப்பர்'னு போடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாகிப் மீரட்காரராக இருப்பதை மறந்து கேட்டார்.

"அந்தப் பேர் கூடாதுன்னுதானே வந்தீங்க?"

"அப்ப அது தீர்ப்பு. இப்ப அது செய்தி. எங்க அப்பா அந்தப் பேரைச் சுமந்துக்கிட்டே செத்துப்போனார், மாத்தூர் சாகிப். பலகையில இல்லைன்னா, அவரைப் பாத்து யாருமே சிரிக்கலைன்னு ஆயிடும். சிரிச்சாங்க. அதுவும் இருக்கட்டும்."

"கண்ணால பாத்ததைத்தான் எழுதறது எங்க வழக்கம்" என்றார் சாகிப் பலவீனமாக.

"நான் காதால கேட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல கேட்டேன். போதாதா?"

சாகிப் பச்சை மைப் பேனாவைத் திறந்தார். அவர் பலகை வாசகத்தில் எதையாவது சேர்த்து நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். மற்றதெல்லாம் வெட்டுதான்.

பலகை நட்ட அடுத்த கோடையில், அதற்குள் சாகிப் ஓய்வு பெற்றிருந்தார், பேகம் எங்கள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வரச்சொன்னார். நல்ல கூட்டம். கணப்பு இருக்கும் கூடத்தில் ஒரு கைடு நின்று, "ஆயியே, ஆயியே, இதுதான் புகழ்பெற்ற நக்லி மஹல்!" என்று கூவினான். கூட்டம் சிரித்தது. இவ்வளவு பாடுபட்டு என்ன ஆயிற்று என்று நினைத்தேன். பேகத்தின் பக்கம் திரும்பவே தயக்கமாக இருந்தது.

கைடு எல்லாரையும் வரிசையாகத் திறப்புக்கு முன் நிறுத்தினான். கண்ணை மூடச் சொன்னான். தட்டியில் தண்ணீர் ஊற்றினான். காற்று வந்ததும் சிரிப்பு நின்றுபோய், "ஆஹா" என்று ஒரு சத்தம் எழுந்தது. முக்காடு போட்ட ஓர் அம்மாள், நகர மனசில்லாமல் அங்கேயே நின்றுகொண்டு கேட்டார்.

"பையா, இதுல என்ன நக்லி?"

"பேர் மட்டும்தான், பெஹன்ஜி" என்றான் அவன்.

பளிங்கு போலத் தெரியும் தூண்கள் வெறும் சுண்ணாம்பு என்பது எங்களுக்குத் தெரியும், பலகையிலும் எழுதியிருந்தோம். மாத்தூர் சாகிப் அவனைத் திருத்தப் போகவில்லை.

நஃபீசா பேகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கைடின் அருகில் போனார். "பேட்டா, சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.